பூங்காவிற் கதைப்பாதை

படிப்பென்பது மேசைமுன் இருந்து செய்வதென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். புலமைப்பரிசிற் பரீட்சையை நோக்கி வகுப்புக்கு வகுப்பு ஓடும் சிறார்க்குப் படப்புத்தகம் இன்பந் தரும் என்பதே மறந்துபோயிற்று. ஆசிரியராகிய நாமும் படத்தை விடுத்து வினாவிடையையே கற்பித்தோம்.

2007ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆன் பேர்குசன் என்னும் பெண்மணி வேறு வழி கண்டார். படக்கதையொன்றின் தாள்களைப் பிரித்து, நடைபாதை நெடுகக் கம்புகளில் ஒவ்வொன்றாய் நிறுத்தினார். ஒரு பக்கம் படித்த குழந்தை அடுத்ததை நாடித் தானே ஓடும். பெற்றோரும் உடன் நடப்பர்.

இது நமக்கு ஒவ்வாததன்று. 1981இல் எரியுண்டு மீண்டெழுந்த நம் பொது நூலகத்துக்கு அணித்தே சுப்பிரமணியம் பூங்கா உளது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் வெருளியைப் பற்றிச் சிறுவர்க்குப் பாடிய பாட்டு, அங்கே அடிக்கொரு படத்தோடு நிற்குமாயின், எப்பிள்ளை பாராது செல்லும்? மழையும் வெயிலும் தாளைக் கெடுக்குமென்பர். கண்ணாடிச் சட்டத்துள் இட்டாற் போதும்.

அலுமாரியில் இருந்த நூல்களைத் தீ உண்டது. பிள்ளைகளின் நெஞ்சிற் பதிந்த கதைகளை அது தீண்டவில்லை. பழைய மாணவர்களே, யூபிலி நினைவாக ஒரு கதைப்பாதை அமைப்போமாக.