வயரையும் கொண்டு வாருங்கள்



சென்ற வருடம் நமது சபையில் ஓர் அம்மம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நினைவு ஆராதனையில் காட்டுவதற்காகக் குடும்பத்தார் நாற்பது படங்கள் தந்தார்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பெடுத்தவள் நான்தான்.

சனிக்கிழமை மாலை வெறும் மண்டபத்தில் சோதித்துப் பார்த்தேன். மடிக்கணினி வயர் இல்லாமலே புரொஜெக்டருடன் ஒரே தடவையில் இணைந்தது. சந்தோஷத்தில் வயரை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. நான்கு படங்கள் ஓடின. ஐந்தாவது படம் உறைந்து நின்று, பிறகு மறைந்தே போனது. திரும்பத் திரும்ப இணைத்துப் பார்த்தேன். ஒன்பது நிமிடங்கள் கழித்துப் போதகர் மெதுவாக, "நாம் ஜெபத்துக்குப் போவோம்" என்றார். அம்மம்மாவின் கணவர் முன்வரிசையில் இருந்து அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் என் கையைப் பிடித்து, "பரவாயில்லைப் பிள்ளை" என்றார். அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை வேலை செய்தது ஞாயிற்றுக்கிழமை ஏன் வேலை செய்யவில்லை? பிறகுதான் தேடி அறிந்தேன். எங்கள் இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடியது. வைஃபை, புளூடூத், சில வயரில்லா மைக்குகள் எல்லாம் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். போதாததற்கு மனித உடலே அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் மண்டபத்தில் செய்த சோதனை பாதிச் சோதனைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வயரில்லா இணைப்பு என்பது ஒரே வழி அல்ல. விண்டோஸ் கணினிகள் பயன்படுத்தும் மிராகாஸ்ட் 2012இல் வந்தது. அது கணினியையும் புரொஜெக்டரையும் நேரடியாகப் பேச வைக்கும், இடையில் வைஃபை பெட்டி தேவையில்லை. ஆப்பிள் கணினிகளுக்கு மிராகாஸ்ட் தெரியாது, அவற்றின் வழி ஏர்ப்ளே. குரோம்காஸ்ட் போன்றவற்றுக்கு இரண்டு கருவிகளும் பொதுவாக ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். நம்மைப்போல வாடகை மண்டபத்தில் கூடும் சபைகளுக்கு விருந்தினர் வைஃபைதான் கிடைக்கும். பல இடங்களில் அது ஒரு கருவி மற்றக் கருவியைப் பார்க்க விடாது. அதனால்தான் வீட்டில் நன்றாக ஓடியது மண்டபத்தில் ஓடமாட்டேன் என்கிறது.

"அக்கா, அப்படியென்றால் வயரில்லா இணைப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நான் ஒரு தாதி. தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பராமரித்திருக்கிறேன். நடைபாதையின் குறுக்கே கிடக்கும் வயர் எனக்குப் பயம். பேசுகிறவர் மேடையில் இருந்தபடியே படத்தை மாற்றுவதும் வசதிதான். நான் சொல்வது ஒன்றே ஒன்று: வயரில்லாமல் தொடங்குங்கள், ஆனால் வயர் இல்லாமல் வராதீர்கள்.

வைத்தியசாலையில் செயற்கைச் சுவாச இயந்திரம் எவ்வளவு புதியதானாலும், பக்கத்தில் கையால் அமுக்கும் சுவாசப் பை ஒன்று தொங்கும். அவசர சிகிச்சை வண்டியைத் திறக்கத் தேவையே வராத நாளிலும் அதைச் சோதித்துக் கையொப்பமிடுகிறோம். இயந்திரத்தின் மேல் நம்பிக்கையில்லாமல் அல்ல. படுத்திருப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை என்பதால். நினைவு ஆராதனையும் அப்படித்தான். புத்தியுள்ள கன்னிகைகள் தீவட்டியோடு எண்ணெயையும் கொண்டு போனார்கள். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

ஆகவே, திரைக்குப் பொறுப்பாக இருக்கும் பிள்ளைகளே, இவற்றைச் செய்து பாருங்கள். ஒரு வாரம் முன்பே, ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீரோடு நிற்கும்போது சோதியுங்கள். அப்போதுதான் நிரம்பிய மண்டபத்தின் நிலை தெரியும். படங்களையும் பாடல் வரிகளையும் இணையத்தில் மட்டும் வைக்காமல் கணினியிலும், ஒரு யூஎஸ்பியிலும் வையுங்கள். எச்டிஎம்ஐ வயரைச் சுவரோரமாக விரித்து, அகன்ற டேப்பால் தரையோடு ஒட்டி, ஆராதனைக்கு முன்பே புரொஜெக்டரில் செருகி விடுங்கள். நீளமான வயரில் சில வேளை படம் விட்டுப்போகும், அதையும் அதே நாளில் பாருங்கள். கணினி ஆப்பிள் என்றால் அதற்குரிய இணைப்பானையும் மறக்கவேண்டாம். கடைசியாக, இரண்டு நிமிடத்துக்குள் இணையவில்லையென்றால் வயருக்கு மாறுங்கள். நான் ஒன்பது நிமிடம் போராடியதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. தோற்றதாகத் தெரியக்கூடாது என்ற என் பெருமைதான்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாத்தாவின் வீட்டுக்கு மடிக்கணினியோடு போனேன். குசினி மேசையில் வைத்து நாற்பது படங்களையும் பார்த்தோம். ஒவ்வொரு படத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. கல்யாணப் படத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு, "இதைச் சபை பார்த்திருக்கலாம்" என்றார். கோபமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

திரையை இயக்குவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பாட்டுப் புத்தகத்தின் சிறிய எழுத்தை வாசிக்க முடியாதவர்கள் அந்தத் திரையை நம்பித்தான் பாடுகிறார்கள். அதுவும் ஊழியம்தான்.

இப்போது என் கைப்பையில் எப்போதும் ஒரு வயர் இருக்கிறது. தேவைப்பட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.