நவம்பர் 26-இன் இரு நினைவுகள்

1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை இந்திய அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டு ஆண்டு, 11 மாதம், 18 நாள் உழைப்பின் பலன் அது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26-இல் என்பதால், அணிவகுப்பும் ஆரவாரமும் குடியரசு தினத்துக்கே போய்ச் சேர்ந்தன. 1979 முதல் வழக்கறிஞர்கள் சட்ட நாளாகக் கடைப்பிடித்து வந்த நவம்பர் 26-ஐ மத்திய அரசு அரசியல் சட்ட தினமாக அறிவித்ததே 2015-இல்தான்.

அதற்குள் அந்தத் தேதியில் ரத்தக்கறை படிந்துவிட்டது. 2008 நவம்பர் 26 இரவு கடல் வழியே வந்த பத்து பயங்கரவாதிகளின் வெறியாட்டத்துக்கு மும்பையில் 166 பேர் பலியாயினர். இன்று தில்லியில் அரசியல் சட்ட முகவுரை வாசிப்பும், மும்பையில் மலரஞ்சலியும் ஒரே நாளில் நடக்கின்றன; ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சடங்குகளைப் போல. தொடர்பு இல்லாமலில்லை.

தடி மட்டுமே ஏந்தியிருந்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்பளே, குண்டுகளைத் தன் உடலில் தாங்கி, கசாப் உயிருடன் பிடிபட வழி செய்தார். அந்தக் கசாபுக்காக வாதாட வழக்கறிஞர்கள் பலர் மறுத்தனர்; மறுப்பின் பின்னிருந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும், கைதானவர் தம் தரப்பை வழக்கறிஞர் மூலம் எடுத்துரைக்க உரிமை தரும் 22-ஆவது பிரிவில் விதிவிலக்காகப் பயங்கரவாதியைக் குறிப்பிடவில்லை. நீதிமன்றமே வழக்கறிஞரை நியமித்தது. மூன்று நிலைகளில் விசாரணை நடந்து, 2012 நவம்பர் 21-இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதைவிட முக்கியமானது, அதே வழக்கில் உடந்தை எனக் குற்றம்சாட்டப்பட்ட இந்தியர் இருவரையும் போதிய ஆதாரமில்லை என்று மூன்று நீதிமன்றங்களும் விடுவித்தன என்பது. ஆத்திரம் தீர்ப்பெழுதியிருந்தால் அவ்விருவரும் தப்பியிருக்க முடியாது. குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதில்லை என வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என, கோவை வழக்கு ஒன்றில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

நாடாளுமன்றம் அந்த நிதானத்தைக் காட்டவில்லை. 2008 டிசம்பரிலேயே சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. குற்றப்பத்திரிகை இல்லாமலேயே 180 நாள் வரை காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டில் முகாந்திரம் தெரிந்தாலே ஜாமீன் மறுக்கப்பட வேண்டும். சாட்சி விசாரணைக்கு முன்பே பல ஆண்டுகள் சிறையில் கழிவதுதான் இதன் விளைவு. இத்தகைய தாமதம் இருந்தால் ஜாமீன் தரலாம் என்று 2021-இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் அந்தத் தீர்ப்பு எல்லா வழக்குகளிலும் ஒரே சீராகப் பின்பற்றப்படுவதாகச் சொல்ல முடியாது.

2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட தஹாவூர் ராணாவுக்கும் தில்லியில் சட்ட உதவி வழக்கறிஞர் அளிக்கப்பட்டிருக்கிறார். கசாபுக்கும் ராணாவுக்கும் தரப்பட்ட முறையான விசாரணை, இந்தச் சட்டத்தின் கீழ் அடைபட்டிருக்கும் பெயர் தெரியாத மற்றவர்களுக்கும் காலத்தோடு கிடைக்க வேண்டும். ஜாமீனைத் தடுக்கும் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தை நாடாளுமன்றம் மறுஆய்வுக்கு எடுத்துக்கொள்ளட்டும்.