ஸ்வரத்தை டைப் பண்ணலாமா? இங்கே காற்புள்ளிக்கும் தாளம் உண்டு!

பாட்டு வகுப்பு முடிந்த கையோடு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழும். டீச்சரின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம். பாதி வெளிச்சம், பாதி நிழல், ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். விருதுநகரோ, சிவகாசியோ, சாத்தூரோ, பிள்ளைகளைப் பாட்டுக்கோ வீணைக்கோ அனுப்பும் வீடுகளில் இது வாடிக்கை. ஆறு மாதம் கழித்து அதே கீர்த்தனையைத் தேடினால் கிடைக்காது. குட் மார்னிங் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில் எங்கோ புதைந்திருக்கும். போட்டோவில் இருப்பது எழுத்துதான். ஆனால், போனில் தேடுகிறவருக்கு அது வெறும் படம்.

அதே ஸ்வரங்களை எழுத்தாகவே டைப் செய்து அனுப்பினால்? தேடலாம், திருத்தலாம், இன்னொருவருக்கு அப்படியே அனுப்பலாம். கம்ப்யூட்டரை வாசிக்கவும் வைக்கலாம்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது

மேற்கத்திய இசையை ஐந்து கோடுகள் போட்டு, அவற்றின் மேல் புள்ளிகளும் வால்களுமாக எழுதுவார்கள். அது கிட்டத்தட்ட ஓவியம். சாதாரண கீ போர்டில் அடிக்க முடியாது. அதனால்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் வால்ஷா, 1990-களின் தொடக்கத்தில் ‘ஏபிசி’ என்ற முறையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். நாட்டுப்புற மெட்டுகளை ஆங்கில எழுத்துகளாலேயே குறித்துக்கொள்ளும் முறை அது. ஒரு ஸ்தாயிக்குப் பெரிய எழுத்து, அதற்கு மேல் ஸ்தாயிக்குச் சின்ன எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் 2 என்று போட்டால் இரண்டு மடங்கு நீளம். இப்படி நாலு வரி அடித்துக் கொடுத்தால், மென்பொருள் அதை ஐந்து கோட்டுப் படமாக மாற்றும், வாசித்தும் காட்டும். 1996-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் தொடங்கிய ‘லில்லிபாண்ட்’ மென்பொருளும் இதே வழிதான். எழுத்தாகக் கொடுத்தால் அச்சுக்குப் போகும் தரத்தில் பக்கத்தைத் தரும். இரண்டுமே இலவசம்.

நம் கர்னாடக இசைக்கு இந்த மெனக்கெடலே தேவைப்படவில்லை. நாம் ஸ்வரத்தை எப்போதுமே எழுத்தாகத்தான் எழுதி வருகிறோம். அதிலும் தமிழின் குறிலும் நெடிலும் இந்த வேலைக்கென்றே செய்து வைத்ததுபோல் பொருந்துகின்றன. கணக்கு இவ்வளவுதான்:

ஸ – 1 எண்ணிக்கை
ஸா – 2
ஸா , – 3
ஸா ; – 4

காற்புள்ளி என்றால் இன்னும் ஒரு எண்ணிக்கை நீட்டு. அரைப்புள்ளி என்றால் இரண்டு. இப்போது ஆதி தாளத்தில் இந்த வரியைப் பாருங்கள்:

ஸா ரி க | மா | ப , ||

முதல் பகுதியில் 4, அடுத்ததில் 2, கடைசியில் 2. மொத்தம் 8. கணக்கு சரி. அந்தக் கடைசிக் காற்புள்ளியை மறந்துவிட்டால் 7 ஆகி, தாளம் தட்டுகிற கை அந்தரத்தில் நிற்கும். பாட்டு நோட்டில் ஒரு காற்புள்ளி தவறினால் என்ன ஆகும் என்பது இப்போது புரிகிறதா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏபிசி முறையில் காற்புள்ளி போட்டால் ‘கீழ் ஸ்தாயிக்கு இறங்கு’ என்று பொருள். நம் முறையில் ‘நீட்டு’. ஒரே புள்ளிக்கு ஊருக்கு ஊர் வேறு அர்த்தம்!

எட்டயபுரத்தில் நடந்த பெரிய வேலை

இந்த எழுத்து முறையின் பெரிய சாதனை ஒன்று விருதுநகர் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் எட்டயபுரத்தை பாரதியார் பிறந்த ஊராக எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் அங்கேதான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தார். பாலுசுவாமியின் மகள் வழிப் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதரிடம் அந்தக் குடும்பத்தின் இசைச் சொத்து முழுவதும் இருந்தது.

சொத்து என்றால் நிலமோ நகையோ அல்ல. பாடல்கள். அவை நாலு பேர் மனதிலும் சில ஏடுகளிலும் மட்டுமே இருந்தன. அந்த நாலு பேருக்குப் பிறகு என்ன ஆகும்? இந்தக் கவலையோடு வந்தவர் சென்னையைச் சேர்ந்த ஏ.எம்.சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நம் பாடல்களை ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டு உலகம் முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்று 1890-களில் முயன்றார். அதில் பணம் கரைந்தது, கண் பார்வையும் மங்கியது. ஆனாலும் சுப்பராம தீட்சிதரைத் தேடிப்போய், தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுக்கும்படி மன்றாடினார். எட்டயபுரம் ராஜாவும் ஆதரவு தந்தார்.

அதன் பலன்தான் 1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் ஸ்வரக் குறிப்போடு இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1906-ல் சுப்பராம தீட்சிதர் காலமானார். பாரதியார் அவருக்கு இரங்கற்பா பாடினார். அந்தப் புத்தகம் மட்டும் இரண்டு ஆண்டு தள்ளிப் போயிருந்தால்?

அதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், கமகங்களுக்கு அவர் கொடுத்த குறிகள். ஸ்வரத்தை அசைத்துப் பாட வேண்டும் என்றால் அலை போன்ற கோடு. கீழிருந்து மேலே வழுக்கி ஏற ஒரு சாய்கோடு, மேலிருந்து இறங்க எதிர்ப்பக்கச் சாய்கோடு. மூன்று புள்ளிகள், சிறு கூரை, பெருக்கல் குறி என்று ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அடையாளம். இவற்றில் பலவும் இன்று நம் போன் கீ போர்டிலேயே இருக்கின்றன!

போனில் எழுதினால் எங்கே சிக்கல்?

கீ போர்டில் இருக்கிறது என்பதற்காக எல்லாம் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதல் சிக்கல், மேல் புள்ளி. தார ஸ்தாயி ஸ்வரத்துக்கு மேலே ஒரு புள்ளி வைப்பது வழக்கம். தமிழில் எழுத்துக்கு மேலே புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து ஆகிவிடும். அச்சுப் புத்தகத்தில் பழகிய கண் புரிந்துகொள்ளும். போனுக்குத் தெரியாது. அதற்கு அது ‘ஸ்’ தான். அதனால், மேல் ஸ்தாயிக்கு ஸ' என்று பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி போடுவது நல்லது. ஏபிசி முறையிலும் இதே குறிதான் மேல் ஸ்தாயிக்கு.

இரண்டாவது, மேல் கோடு. இரண்டாம் காலத்துக்கு ஸ்வரங்களின் மேல் கோடு இழுப்பார்கள். போனில் அது நடக்காது. (ஸரி) (கம) என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதலாம்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பின் குறும்பு. ஒரு சொல்லின் இரு பக்கமும் அலைக்குறி போட்டால், அந்தச் சொல்லையே அடித்துக் காட்டும். நட்சத்திரக் குறி போட்டால் எழுத்தைத் தடிமனாக்கிவிட்டுக் குறி மறைந்துபோகும். டீச்சர் ஆசையாகப் போட்ட கமகம், பிழை என்று நீக்கிய எழுத்துபோல் வந்து நிற்கும்.

நான்காவது, வரிசை. மேலே ஸ்வரம், கீழே பாட்டு வரி, இரண்டும் நேராக நிற்க வேண்டும். அகலம் குறைந்த திரையில் வரி உடைந்து எல்லாம் கலைந்துவிடும். இதற்கு எளிய வழி, கூகுள் ஷீட்ஸ் போன்ற அட்டவணை ஆப். ஆதி தாளத்துக்கு 8 கட்டம், ரூபகத்துக்கு 6 கட்டம். கட்டத்துக்கு ஓர் எண்ணிக்கை. எந்த போனில் திறந்தாலும் கட்டம் நகராது.

இந்தப் பக்கத்து அச்சகக்காரர்களுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் தெரிந்த சிக்கல் ஒன்றும் உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி, காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்த ஊர் சிவகாசி. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பழைய பாட்டுப் புத்தகத்தின் ஃபைல் யாரிடமாவது இருந்தால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஸ்வரப் பகுதியை ஒரு முறை தாளம் போட்டுச் சரிபார்ப்பது அவசியம். சொற்கள் பிழைத்துவிடும். கையால் தள்ளி வைத்த புள்ளியும் கோடும் சிதறிவிடலாம்.

எழுத்து பாடுமா?

பாடும். ஆனால், எவ்வளவு? தோடி ராகத்து காந்தாரத்தை ‘க’ என்று ஒரே எழுத்தில் எழுதிவிடலாம். பாடும்போது அது ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சலாடும். அந்த ஆட்டம்தான் தோடி. சாதாரண மென்பொருளிடம் ‘க’ என்று கொடுத்தால், ஹார்மோனியக் கட்டையை அழுத்தியதுபோல் ஒரே நேராக ஒலிக்கும். ஸ்வரம் சரி, ராகத்தைக் காணோம்! இந்தக் குறையைப் போக்க, கர்னாடக இசைக்கென்றே ‘காயகா’ போன்ற மென்பொருள்கள் வந்தன. டைப் செய்த ஸ்வரத்தைக் கமகத்தோடு வாசிக்க முயல்பவை அவை. அப்போதும் குரு பாடிக் கேட்பதற்கு அவை ஈடாகாது.

அப்படியென்றால் எழுத்து எதற்கு? எலும்புக்கூடு இல்லாமல் உடம்பு நிற்காது அல்லவா, அதற்கு. பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு நோட்டின் போட்டோவால் எந்தப் பயனும் இல்லை. டைப் செய்த ஸ்வரத்தை போனில் உள்ள டாக்பேக் வசதி வாசித்துக் காட்டும். நிறுத்தற்குறிகளையும் வாசிக்கும்படி அமைப்பை மாற்றிக்கொண்டால் காற்புள்ளியும் காதில் விழும். வெளியூரிலிருந்து ஆன்லைனில் படிக்கும் பிள்ளை, மறந்த இடத்தை ஒரு நொடியில் தேடி எடுக்கும்.

இந்த வாரமே தொடங்கலாம்

* வீட்டில் இருக்கும் பாட்டு நோட்டில் ஒரே ஒரு பாடலை எடுங்கள். தாத்தா, பாட்டி எழுதிய நோட்டு என்றால் அதற்கே முதலிடம். மை மங்குவதற்குக் காத்திருக்க வேண்டாம்.

* மேலே பாடலின் பெயர், இயற்றியவர், ராகம், ஆரோகணம், அவரோகணம், தாளம், யாரிடம் பாடம் கேட்டது என்று எழுதுங்கள். கடைசி விவரம் முக்கியம். ஒரே கீர்த்தனைக்குப் பாடம் ஊருக்கு ஊர் மாறும்.

* நீங்கள் பயன்படுத்தும் குறிகளுக்கு இரண்டு வரி விளக்கம் சேருங்கள். மேல் ஸ்தாயிக்கு எது, இரண்டாம் காலத்துக்கு எது என்று இருந்தால் போதும்.

* ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி. எழுதி முடித்ததும் தாளம் போட்டு எண்ணிப் பாருங்கள்.

* கூடவே டீச்சர் அல்லது வீட்டுப் பெரியவர் பாடிய ஆடியோவையும் அதே பெயரில் சேமியுங்கள். எழுத்து விட்டதைக் குரல் சொல்லும். குரல் விழுங்கியதை எழுத்து சொல்லும்.

* பகிர்வதற்கு முன் சொல்லிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சொந்தமாக இசையமைத்த பாடல் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பைப் பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி வெளியிட்டது. ஒரு நூற்றாண்டு தாண்டியும் வித்வான்கள் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள். அதற்கு ராஜாவின் பணமும் ஓர் அச்சகமும் தேவைப்பட்டன. இன்றைக்குக் கையில் இருக்கும் போனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும். உங்கள் வீட்டு நோட்டில் முதலில் டைப் செய்யப்போகும் பாட்டு எது?