இன்டர்வியூவுக்கு எத்தனை மார்க் இருக்கலாம்? புதுக்கோட்டை ரேஷன் கடை வேலை முதல் உச்ச நீதிமன்றம் வரை

ரேஷன் கடை விற்பனையாளர் வேலைக்கு அறிவிப்பு வந்ததும் புதுக்கோட்டை டீக்கடைகளில், ‘என்ன படிக்கணும்?’ என்பதற்கு முன்பே ‘யாரைப் பார்க்கணும்?’ என்ற கேள்வி வந்துவிடும். சிபாரிசு உண்மையில் நடக்கிறதோ இல்லையோ, இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பது தேர்வு முறைதான்.

ஒரே அலுவலகம், இரண்டு முறை

கூட்டுறவுத் துறையின் இந்த வேலைகளுக்கு ஆள் எடுப்பது மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம். கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் பணிக்கு எழுத்துத் தேர்வு, நேர்காணல் இரண்டும் உண்டு. மதிப்பெண் விகிதம் 85:15. பிளஸ் 2 தகுதியுள்ள ரேஷன் கடை விற்பனையாளர், 10-ம் வகுப்புத் தகுதியுள்ள கட்டுநர் பணிகளுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. அங்கே நேர்காணல்தான் முக்கியக் கட்டம்.

உதவியாளர் தேர்வில் 85 மார்க் உங்கள் கையில். விற்பனையாளர் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கை ஓங்குகிறது.

கோர்ட் என்ன சொன்னது?

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கையில் நேர்காணலுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் இருந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்த அந்த நேர்காணலில் பெற்றோர், ஊர் பற்றியெல்லாம் கேட்டார்கள். 1980-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் (அஜய் ஹாசியா வழக்கு), 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது.

1985-ல் அரியானா சிவில் சர்வீஸ் வழக்கில், பொதுப் போட்டியாளர்களுக்கு 22.2 சதவீதமாக இருந்த நேர்காணல் மார்க்கை 12.2 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. இந்த வரம்பு எழுத்துத் தேர்வும் சேர்ந்து நடக்கும்போதுதான். எல்லா வேலைக்கும் இதே கணக்கு இல்லை.

மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும், கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டது.

எழுத்துத் தேர்வு வைத்தால் போதுமா?

போதாது. பக்கத்து மாவட்டத்தில் நடந்ததே சாட்சி. 2019 செப்டம்பரில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் குவிந்தார்கள். எழுதிய சில மணி நேரத்தில் மறையும் மை பயன்படுத்தப்பட்டது விசாரணையில் தெரிந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. மோசடி நடந்தது எழுத்துத் தேர்வில்தான், நேர்காணலில் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம்: தாளும் மார்க்கும் பதிவாகியிருந்ததால்தான் அது சிக்கியது. நேர்காணல் அறைக்குள் நடப்பதற்கு அப்படித் தடயம் மிஞ்சுவதில்லை.

அப்போ நேர்காணலே வேண்டாமா?

அப்படியில்லை. ரேஷன் கடையில் கோபப்படும் ஆட்களைச் சமாளிக்கத் தெரியுமா, இருப்புக் கணக்கு வருமா என்பதை பிளஸ் 2 மார்க் சொல்லாது. பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மார்க் போடும் நேர்காணல், வேலைத்திறனைக் கணிப்பதில் முன்வரிசையில் இருப்பதாகக் காட்டியது. ‘உங்களைப் பத்தி சொல்லுங்க’ என்று தொடங்கி, பேச்சு போன போக்கில் முடியும் நேர்காணலுக்கு இது பொருந்தாது. தனியார் கம்பெனியில் ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதே கணக்குதான்.

விண்ணப்பிப்பவர் என்ன செய்யலாம்?

• அறிவிப்பில் தேர்வு முறை, மார்க் பங்கீடு என்னவென்று பாருங்கள். பிடிஎஃப்-ஐச் சேமித்து வையுங்கள். தேர்வு நடைமுறை தொடங்கிய பிறகு, முன்பே இடமிருந்தால் தவிர, விதியை நடுவில் மாற்றக்கூடாது என்று 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

• முடிவு வந்ததும், உங்கள் மார்க் எவ்வளவு, கட்-ஆஃப் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

• ‘வேலை வாங்கித் தர்றேன்’ என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். போலீசில் சொல்லுங்கள்.

கேள்விகள், அளவுகோல், ஒவ்வொருவரின் மார்க் ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்து வெளியே தெரிந்தால், வேலை கிடைக்காதவருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பது தெரியும். ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்கும் தேவையும் குறையும்.