வீட்டுக் கார் பந்தயத் தடத்தில்



ஆடிக் குதிரைச் சந்தை கண்ட அந்தியூர்க்காரர்களுக்கு வேகத்தின் மீது நாட்டம் புதிதன்று. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கார் ஓட்டப் பழகவேண்டும் என்று உங்கள் மகன் கேட்டால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். 1995-இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவர்தனின் பெயரால் 2003-இல் திறக்கப்பட்ட தடம் அது. வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தி முடிப்பது, பார்வையை முன்கூட்டியே தொலைவில் செலுத்துவது போன்ற பாடங்கள் நெடுஞ்சாலையிலும் உயிர் காக்கும்.

ஆனால், வீட்டுக் காரையே கொண்டு செல்வதாயின் முதலில் பிரேக் ஆயிலைக் கவனியுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். பெடல் தரைவரை அமிழும், கார் நிற்காது! இருக்கைக்கடியில் கிடக்கும் தண்ணீர்ப் பாட்டிலையும் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்; பெடலுக்கடியில் உருண்டால் அதுவே போதும்.

அடுத்து, பலரும் படிக்காத காப்பீட்டுப் பத்திரம். பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ பயன்படுத்திய வாகனத்துக்கு இழப்பீடு இல்லை என்பது நம் நாட்டு மோட்டார் பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. பயிற்சியும் அதில் அடங்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருப்பது ஒரே கார், அதற்கும் தவணை முடியவில்லை என்றால், பயிற்சிப் பள்ளியின் காரிலேயே பழகட்டும் என்பேன்.