முழங்கைக்குப் போடு

மாவட்ட அளவிலான டேபிள் டென்னிஸ் போட்டி ஒன்றை இந்த வாரம் பார்த்தேன். பெண் பிள்ளைகள் இத்தனை பேர் ஆட வந்திருக்கிறார்களே என்ற பூரிப்பைத்தான் எழுதுவதாக இருந்தேன். ஆடிக்கொண்டிருந்த பிள்ளையை அதட்டிய ஒரு கோச்சின் குரல் அதைக் கெடுத்துவிட்டது. "பேக்ஹேண்டுக்குப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

ராலி நடக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கோச் யோசனை சொல்லலாம் என்று 2016 அக்டோபரில் விதியைத் தளர்த்தினார்கள். அன்றிலிருந்து பாயின்ட்டுக்குப் பாயின்ட் அதட்டல்தான். இது என் பழைய புலம்பல். ஆனால் அன்று சத்தத்தைவிட, சொன்ன யோசனைதான் என்னை வாட்டியது. அந்தப் பிள்ளை சொன்னபடியே எல்லாப் பந்தையும் எதிராளியின் ஃபோர்ஹேண்டுக்கே அனுப்பினாள். எதிராளி கொஞ்ச நேரத்திலேயே புரிந்துகொண்டு, பந்து வருமுன் அங்கே போய் நின்றுவிட்டாள். 11-3.

பலமான பேக்ஹேண்டை ஒதுக்காமல் எதிர்கொள்வதற்கு 2021 ஜூலை 30, டோக்கியோ ஒலிம்பிக் ஆடவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மா லாங்குக்கு எதிரே ஃபான் ஜென்டாங், அன்றைய உலகின் முதல்நிலை வீரர். வலப்பக்கம் குட்டையாக விழும் சர்வீஸைக்கூட டேபிளுக்குள் புகுந்து பேக்ஹேண்டால் ஃப்ளிக் செய்பவர். அந்தப் பேக்ஹேண்டைக் கண்டு ஒதுங்கி ஆடியிருந்தால் 32 வயது மா லாங்குக்கு 4-2 என்ற வெற்றி கிடைத்திருக்காது. வலப்பக்கம் புகுந்து ஃப்ளிக் செய்பவனுக்கு இடப்பக்க மூலை திறந்து கிடக்கும். அடுத்த பந்து ஆழமாக அங்கே போனால், அவன் ஓடிவந்துதான் பேக்ஹேண்ட் ஆட வேண்டும். கால் ஊன்றாத பேக்ஹேண்டில் பாதி பலம்கூட இருக்காது. ஆக முதலில் வலது, பிறகு இடது. இந்த வரிசைதான் முக்கியம்.

இன்னொரு இடம் எதிராளியின் முழங்கை. அங்கே வரும் பந்தை ஃபோர்ஹேண்டில் எடுப்பதா, பேக்ஹேண்டில் எடுப்பதா என்று உடம்பு ஒரு கணம் திணறும். ஆனால் பேக்ஹேண்டில் வல்லவர்கள் வயிற்றுக்கு நேரே வருவதையும் பேக்ஹேண்டாலேயே அடித்துவிடுவார்கள். அவர்களுக்குத் திணறல் தொடங்கும் இடம் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், இடுப்பு எலும்புக்கு நேரே. குறி அங்கே இருக்க வேண்டும்.

வேகத்தைக் கொடுக்கவும் கூடாது. நல்ல பேக்ஹேண்ட் பஞ்ச் நாம் அனுப்பும் வேகத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. சுழற்சி நிறைந்த மெதுவான டாப்ஸ்பின் ஒன்றை டேபிளின் கடைசி விளிம்பருகே இறக்கினால், வேகம் முழுவதையும் எதிராளியே உண்டாக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டால் பந்து வெளியே போகும். அடுத்தது சுழற்சியே இல்லாத புஷ். அதைப் பின்சுழல் பந்து என்று நம்பி மட்டையைத் திறந்தால் பந்து மேலே எழும்பும். அடிக்க வேண்டிய பந்து அதுதான்.

பலசாலியோடு இப்படி ஆடினாலும் தோற்கலாம். பெரும்பாலும் தோற்போம். ஆனால் 11-3 என்பது 11-8 ஆகும், எதிராளி யோசிக்கத் தொடங்குவார்.

கோச்சுகளே, செட்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் தருகிறார்கள். போடக்கூடாத இடத்தை அந்தப் பிள்ளைக்கு நினைவூட்டி அதை வீணாக்காதீர்கள். எங்கே போட வேண்டும், எந்த வரிசையில் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.