எஞ்சின் நின்ற பின்னர் உடலைக் காப்பது எது?

கனடாவில் ஸ்னோமொபைல் விற்பவர்களின் விளம்பரப் படங்களில் ஒரு விடயம் தவறாமல் கண்ணில் படும். பனியை வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்துவரும் வண்டியின் முன்கண்ணாடி ஒரு சாண் உயரம்கூட இராது. ஓட்டுநரின் நெஞ்சும் கழுத்தும் கைகளும் காற்றை நேருக்கு நேர் எதிர்கொண்டிருக்கும். அதே கடையின் மறுபக்கத்தில் விலையுயர்ந்த மேலங்கிகளும் மின்சாரத்தால் சூடாகும் கையுறைகளும் தொங்கும். வண்டி செய்யவேண்டிய வேலையை வண்டியிலிருந்து கழற்றி, உடுப்பாக்கி, வேறு விலைக்கு விற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

1983க்குப் பின் புலம்பெயர்ந்து வந்த எம்மவரின் பிள்ளைகள் பலர் இன்று இந்த வண்டிகளில் ஒன்ராரியோவின் வடபகுதிக் காடுகளுக்குப் போய்வருகிறார்கள். பனியைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்ட பெற்றோரின் பிள்ளைகள் பனியைத் தேடிப் போவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “எந்த ஜக்கெற் நல்லது?” என்பதாக இருக்கிறது. காற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

இலை அசையாத நாளிலும் ஸ்னோமொபைல் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், மூடாத தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 36 பாகைக் குளிராகவே இருக்கும். அந்நிலையில் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் தோல் உறையத் தொடங்கலாம். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையாக இருந்து வேகமும் அதுவேயானால் கணக்கு 50 பாகைக்கு இறங்கிவிடுகிறது. உறைவதற்கு இரண்டு முதல் ஐந்து நிமிடங்கள் போதும்.

இந்தக் கணக்கின் வரலாறும் சுவையானது. போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசல் என்ற இரு அமெரிக்கர்கள் அந்தாட்டிக்காவில் ஒரு சிறிய உருளையில் நீரை நிரப்பித் தொங்கவிட்டு, அது உறைய எடுக்கும் நேரத்தை அளந்து, 1945இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனித முகம் நீர் நிரம்பிய உருளை அல்லவே! ஆகவே 2001இல் ரொரன்ரோவில் ஆறு ஆண்களையும் ஆறு பெண்களையும் குளிர்க்காற்றுச் சுரங்கம் ஒன்றினுள் நடக்கவிட்டு, அவர்களின் முகங்களில் உணர்கருவிகளைப் பொருத்தி, புதிய கணக்கைச் சரிபார்த்தார்கள். கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்துவது அதைத்தான்.

முன்னைய நாட்களில் நாய்கள் இழுத்த சறுக்குவண்டியில் போனவன் மெதுவாகப் போனான். பனி ஆழமான இடத்தில் இறங்கி, நாய்களோடு தானும் ஓடினான். அந்த ஓட்டம் அவன் உடலுக்குச் சூட்டைக் கொடுத்தது. எஞ்சின் பூட்டிய வண்டியில் போகிறவனோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். சூடு குறைகிறது, காற்று கூடுகிறது.

இத்துறையின் முன்னோடிக்கு இது தெரியாமல் இல்லை. கியூபெக் மாநிலத்து வல்கூர் ஊரவரான ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் 1934இல் தம் இரண்டு வயது மகனை இழந்தார். குடல்வால் அழற்சியால் துடித்த பிள்ளையைப் பனி மூடிய பாதையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியிருக்கவில்லை. 1937இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஏழுபேர் வண்டி, மரத்தாலான மூடிய அறையைக் கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்குக் காற்று ஒரு பொருட்டல்ல. 1959இல் அவரே வெளியிட்ட ‘ஸ்கி-டூ’ என்ற சிறிய வண்டிதான் மனிதனை வெளியே, காற்றின் முன்னே உட்காரவைத்தது. விலை இறங்கியது, விளையாட்டு பிறந்தது.

வண்டி உண்டாக்கும் காற்றை வண்டியே மறிக்கவேண்டும். வண்டி நின்றால் அந்தக் காற்றும் நின்றுவிடும் என்பதால் முன்கண்ணாடியை நம்புவதில் ஆபத்தில்லை. மலைச் சரிவில் எழுந்து நின்றபடி ஓட்டுபவர்களுக்கு உயர்ந்த கண்ணாடி இடைஞ்சல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டையான பாதையில் நாள் முழுவதும் உட்கார்ந்து போகிறவர்களுக்குக் குட்டைக் கண்ணாடி எதற்கு? தொழிலுக்காக ஓட்டுபவர்கள் வாங்கும் வண்டிகளில் அது இன்றும் உயரமாகவே இருக்கிறது.

சூட்டின் விடயம் இதற்கு நேர்மாறானது. ஹலிபேர்ட்டன் பகுதியில் உறவுக்காரப் பையன் ஒருவனின் வண்டியில் பின்னால் அமர்ந்து போயிருக்கிறேன். அவன் முதுகு எனக்குச் சுவராக இருந்தது. என் முழங்கால்களும், கையுறைக்கும் சட்டைக்கைக்கும் இடையில் திறந்துகிடந்த இரண்டு விரற்கடை மணிக்கட்டுமே குளிரை வாங்கின. அவனுடைய கைபிடிகள் மின்சாரத்தால் சூடாகுபவை. இறங்கியபோது உள்ளங்கைகள் வெதுவெதுப்பாகவும், காற்றைப் பார்த்திருந்த புறங்கைகள் மரத்தும் இருந்தன. “மாமா, கைபிடிச் சூட்டை இன்னும் கூட்டலாம்” என்றான். “கூட்டலாம் தம்பி. எஞ்சின் நின்றால் என்ன செய்வாய்?” என்று கேட்டேன்.

கைபிடிகளைச் சுற்றிக் கட்டும் பை போன்ற உறைகள் மலிவானவை. புறங்கையைக் காப்பதில் அவை மின்சாரத்தைவிட மேலானவை. விரல் பிரியாத கையுறைக்குள் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். பருத்தி உள்ளாடையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடவேண்டும். நம் வெப்பநாட்டுக்கு அது வரம், ஆனால் பனியில் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலைக் குளிரவைக்கும். உள்ளே கம்பளி, நடுவே காற்றைச் சிறைப்பிடிக்கும் தடித்த துணி, வெளியே காற்றுப் புகாத உறை. அவசரத்துக்கு மடித்த செய்தித்தாளும் உதவும். பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தய வீரர்கள் மலையுச்சியிலிருந்து இறங்குமுன் பத்திரிகையை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வது பழைய வழக்கம். எங்கள் தொழிலின் ஐயத்துக்கிடமற்ற பயன்களில் அதுவும் ஒன்று.

எஞ்சின் நிற்பது அரிய நிகழ்வன்று. பட்டி அறும், எரிபொருள் தீரும், ஏரிப் பனிக்கட்டியின்மேல் தேங்கிய நீரில் வண்டி புதையும். ஒரு மணிநேரத்தில் ஓடிய 60 கிலோமீற்றரை முழங்கால் பனியில் நடந்து கடக்க ஒரு பகல் போதாது. மின்சாரச் சூட்டை நம்பி மெல்லிய உடை அணிந்து வந்தவன் அந்த நேரத்தில் அரைநிர்வாணி.

வடதுருவத்து இனுயிட் மக்களுக்கு ஸ்னோமொபைல் அன்றாட வாகனம். கரிபூ மானின் மயிர்கள் உள்ளே காற்றை அடக்கியவை. அந்தத் தோலில் மயிர் உடலைப் பார்த்தபடி ஓர் உட்சட்டை, மயிர் வெளியே பார்த்தபடி ஒரு மேற்சட்டை என்று இரண்டாகத் தைத்தார்கள் அவர்களின் பெண்கள். முகத்தைச் சுற்றிய தலைமூடியின் விளிம்பில் ஓநாய் அல்லது வுல்வரீன் மயிரை வைத்தார்கள். மூச்சு அதில் உறைந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். ஓடினாலும் நின்றாலும் அந்த உடை ஒன்றுதான். இதைக் ‘கைவினை’ என்று நூதனசாலையில் வைத்துவிட்டு, மின்கம்பி ஓடும் கையுறையைத் ‘தொழில்நுட்பம்’ என்று அழைப்பது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பையனின் வண்டிப் பெட்டியில் இப்போது மேலதிகக் கம்பளிக் கையுறை, தீப்பெட்டி, சிறு அடுப்பு, ஒரு போர்வை எல்லாம் இருக்கின்றன. மரத்த தோலைப் பனியால் தேய்க்கக்கூடாது, குளிருக்கென்று மது அருந்தக்கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டான். முன்கண்ணாடியை உயர்த்துவதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. வண்டியின் அழகு கெட்டுவிடுமாம்.